விலைபோகும் சான்று

வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி நூம்பலுக்குள் நுழையும் வழியில், காலை ஒன்பது மணிக்கெல்லாம் மர நிழலில் ஒரு கூழ் வண்டி வந்து நின்றிருக்கும். கட்டட வேலைக்குச் செல்வோர், ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர், என்னைப் போன்று ஓய்வு பெற்றோர் எனப் பலரும் அவ்வண்டியைச் சுற்றி நிற்போம். கேழ்வரகைத் தாமே வாங்கிக் காயவைத்து, மில்லில் அரைத்து, மாலையில் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யரிசியோடு சேர்த்துக் காய்ச்சி, மறுநாள் காலையில் மோர் ஊற்றிக் கரைத்துத் தருவார் அந்த அம்மையார். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் உண்டு. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமோ எனத் தயங்கும் புதியவரிடம், "ஒண்ணும் பண்ணாது கண்ணு, தைரியமா குடி" என்பார். அச்சொல்லை நம்பித்தான் பலரும் முதற்குவளையைக் குடித்திருக்கின்றனர்.

சென்ற கோடையில் ஓர் இளைஞர் கைப்பேசியோடு வந்தார். கூழ் ஊற்றும் கையையும் அந்தச் சிரிப்பையும் அந்தச் சொல்லையும் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினார். காணொளி காட்டுத்தீயாய்ப் பரவியது. பத்து நாள்கள் வண்டியைச் சுற்றித் திருவிழாக் கூட்டம்! அம்மையார் மகிழ்ந்தார், நாங்களும் மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். உடனடிக் கூழ் மாவு விற்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. அதே கை, அதே சிரிப்பு, அதே சொல். "ஒண்ணும் பண்ணாது கண்ணு, தைரியமா குடி" என்று அவர் சொல்லி முடித்ததும், திரை முழுவதும் ஒரு பளபளப்பான மாவுப் பாக்கெட் எழுந்து நின்றது.

"ஐயா, இது என் மூஞ்சிதானே? நான் எப்போ இந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன்? காலையில வந்தவங்க ரெண்டு பேர், 'ஏன்க்கா, பாக்கெட் மாவைத்தான் கரைச்சு ஊத்துறியா'ன்னு கேட்டுட்டுப் போறாங்க ஐயா."

அவர் என்னிடம் பணம் கிடைக்கவில்லை என்று முறையிடவில்லை. தாம் சொல்லாததைத் தாம் சொன்னதாகக் காட்டிவிட்டார்களே என்றுதான் கலங்கினார். இக்கட்டுரை அந்தக் கலக்கத்திலிருந்தே பிறக்கிறது. இன்றைய இணைய வணிகம் நம் உழைப்பை மட்டும் இலவசமாக எடுத்துக்கொள்ளவில்லை. அயலார் ஒருவர் மற்றோர் அயலாருக்குச் சொல்லும் சான்றையே எடுத்து விற்கிறது. முன்னதைக் கூலித் திருட்டு என்போம். பின்னதற்கு என்ன பெயர் சூட்டுவது?

இவ்வணிகம் நடைபெறும் முறையைச் சற்று விளக்குதல் நலம். ஒரு விளம்பரப் படம் எடுப்பதாயின் நடிகர், ஒளிப்பதிவாளர், அரங்கம் எனப் பல இலட்சங்கள் செலவாகும். செலவு செய்தாலும் மக்கள் நம்புவதில்லை. நடிகை சோப்பைப் புகழ்வது காசுக்காக என்று குழந்தைக்கும் தெரியும். ஆனால் பக்கத்துத் தெருப் பெண்மணி ஒருவர் அடுப்படியில் நின்று, "இந்தப் பொடி நன்றாயிருக்கிறது" என்றால் நம்புகிறோம். இந்த நம்பிக்கையைத்தான் வணிகர் தேடி அலைகின்றனர். பொதுமக்கள் தாமாக எடுத்து ஏற்றிய படங்களையும் காணொளிகளையும் "பயனர் ஆக்கிய உள்ளடக்கம்" என்று அவர்கள் அழைக்கின்றனர். ஒவ்வொரு நாளும் எவை பரவுகின்றன என்று பார்த்திருந்து, பரவுவதை எடுத்துத் தம் பக்கத்தில் இடுகின்றனர். எது அதிகம் பார்க்கப்படுகிறதோ அதன்மேல் பணம் செலுத்தி இன்னும் பல இலட்சம் பேருக்குக் காட்டுகின்றனர். மறுபுறம், காசு கொடுத்து எடுப்பித்த காணொளியையே யாரோ ஒருவர் எதேச்சையாக எடுத்ததுபோல் நடுங்கும் கையோடு எடுத்து உலவ விடுவதும் உண்டு. "இந்தப் பாட்டுக்கு ஆடி அனுப்புங்கள்" என்று அறைகூவல் விடுத்து, ஊரையே ஊதியமின்றி ஆடவைப்பதும் உண்டு. வைரல் என்னும் சொல் நோய் பரப்பும் நச்சுயிரியின் பெயரிலிருந்து வந்தது. நோயைச் சுமப்பவர் அறியாமலே அது பரவும் என்பதை எண்ணினால், பெயர் பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

பொதுமக்களை விளம்பர வேலையில் ஈடுபடுத்துவது புதிதன்று என்று சிலர் கூறுவர். உண்மைதான். "இந்தச் சோப்பை நான் விரும்புவதற்குக் காரணம்..." என்னும் தொடரைப் பத்துச் சொற்களுக்கு மிகாமல் நிறைவு செய்து, மேலுறையோடு அஞ்சலில் அனுப்பிய தலைமுறை நம்முடையது. பிரஷர் குக்கர் கிடைக்குமென்று காத்திருந்த குடும்பங்கள் எத்தனை! ஆயினும், அதனைப் போட்டி என்று நாம் அறிந்திருந்தோம். விரும்பி எழுதினோம், நிறுவனமும் தன் பெயரை மறைக்கவில்லை. 2006 முதல் 2016 வரை அமெரிக்காவில் டொரிட்டோஸ் என்னும் நொறுக்குத்தீனிக்காக, பொதுமக்களே எடுத்தனுப்பும் விளம்பரங்களுக்குப் போட்டி நடத்தப்பட்டது. 2009-இல் இந்தியானா மாநிலத்துச் சகோதரர் இருவர் ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர் செலவில் எடுத்த படம் பத்து இலட்சம் டாலர் பரிசு பெற்றது. வெற்றி பெறாத பலரின் உழைப்பு வீணாயிற்று என்பது அதன் குறை. எனினும் அங்கே கேட்டல் இருந்தது, இசைவு இருந்தது, பெயர் இருந்தது, பணமும் இருந்தது. நூம்பல் வண்டிக்கு இவற்றுள் எது வந்தது?

தமிழகத்தில் இக்கலையின் வலிமையை வணிகருக்குக் கற்பித்த நிகழ்ச்சி 2011-ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்தது. "3" என்னும் திரைப்படத்திற்காக அனிருத் இசையமைத்துத் தனுஷ் பாடிய "கொலவெறி" பாடலின் முற்றுப்பெறாத ஒலிப்பதிவு இணையத்தில் கசிந்தது. அதனைத் தொடர்ந்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடல் உருவாகும் காட்சியை நவம்பர் 16 அன்று சோனி நிறுவனம் யூடியூபில் வெளியிட்டது. அதன்பின் அப்பாடலை உலகெங்கும் சுமந்து சென்றவர்கள் மக்களே. பகடி செய்தவர், தம் மொழியில் மாற்றிப் பாடியவர், கடைவீதியில் கூடி ஆடியவர் என ஒவ்வொருவரும் ஊதியமில்லாத விளம்பர ஊழியரானார். 2012 மார்ச்சில் படம் வெளிவந்தபோது, பாடல் பெற்ற வெற்றியைப் படம் பெறவில்லை. ஆனால் வணிகர் கற்க வேண்டிய பாடத்தைக் கற்றுவிட்டனர். இன்று ஒவ்வொரு பெரிய படத்தின் பாடலும், மக்கள் பார்த்தாட ஏதுவாக ஓர் எளிய அசைவோடு வெளிவருகிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டதும் அந்த ஆட்டம் ரீல்சுக்கும் ஷார்ட்சுக்கும் குடிபெயர்ந்ததேயன்றி நின்றுவிடவில்லை.

விரும்பி ஆடுவோரை நான் குறை கூறவில்லை. மகிழ்ச்சிக்கு ஆடுவது மனித இயல்பு. ஆடுபவரின் மகிழ்ச்சி ஒருபுறமும் அதன் வருவாய் மறுபுறமும் சென்று சேரும் அந்தப் பிரிவினையையே சுட்டுகிறேன். அது கொடுமையாய் வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்று மேற்கு வங்கத்தில் நடந்தது.

பீர்பூம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வாழும் புவன் பாத்யகர் தெருத்தெருவாக வேர்க்கடலை விற்றவர். பழைய கொலுசு, உடைந்த கைப்பேசி போன்றவற்றைப் பெற்றுக்கொண்டு அதற்கீடாகப் பச்சை வேர்க்கடலை தருவார். அவ்வணிகத்தைக் கூவியழைக்கத் தாமே கட்டிய பாட்டுத்தான் "கச்சா பாதாம்." 2021-இன் இறுதியில் யாரோ எடுத்த காணொளியால் அது நாடெங்கும் பரவியது. நடிகர்கள் ஆடினர், கடல் கடந்தும் ஆடினர். பாட்டைக் கட்டியவரோ, என் பாட்டால் எல்லாரும் பணம் ஈட்டுகின்றனர், எனக்கொன்றும் கிடைக்கவில்லை என்று 2021 டிசம்பரில் காவல் நிலையத்தின் படியேறினார். பிறகு 2022-இல் இசை நிறுவனம் ஒன்று அவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குக் காசோலை வழங்கிற்று. கதை அத்தோடு முடிந்திருந்தால் நன்று. தம் பாட்டைத் தாமே பாடி இணையத்தில் ஏற்றினால் பதிப்புரிமைத் தடை குறுக்கிடுகிறது என்று 2023-இல் அவர் மனம் நொந்து கூறும் நிலை வந்தது. கடலை விற்றவர் தம் குரலையே இழந்தார்! இதனைப் புகழ் என்பதா, பறிமுதல் என்பதா?

இனி, சட்டம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படத்தை ஆக்கியவருக்கு உரிமை தருகிறது. படத்தில் தோன்றுகிற கூழ் வண்டி அம்மையாருக்கு அப்படத்தின்மேல் பதிப்புரிமை இல்லை. காணொளியை ஏற்றும் இளைஞரோ, தாம் படிக்காமலே ஒப்புக்கொள்ளும் விதிமுறைகளின் வழியாக, அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் பிறருக்குக் கைமாற்றவும் அத்தளத்திற்கு உரிமம் அளித்துவிடுகிறார். ஆனால் அந்த உரிமம் அந்தத் தளத்திற்குத்தான். மாவு விற்பவர் எவரும் எடுத்து விளம்பரம் செய்துகொள்ளலாம் என்பதன்று அதன் பொருள். பொதுவெளியில் கிடப்பது பொதுச்சொத்து என்று வணிகர் சொல்வது பிழை. வீட்டு வாசலில் காயும் நெல் தெருவில் தெரிகிறது என்பதால் தெருவுக்குச் சொந்தமாகிவிடுமா?

1994-இல் நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது தனியுரிமை மீறலின் ஒரு வகை என்று குறிப்பிட்டது. ஆகவே உரிமை ஏட்டில் இருக்கிறது. அதனை வென்றெடுப்பவர் யார்? தம் பெயரைத் தலைப்பில் தாங்கிய ஓர் இந்திப் படத்தை எதிர்த்து நடிகர் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார். 2015-இல் தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்தது. புகழ்நிலை அடைந்தோருக்கு ஆளுமை உரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. அவருக்கு அது நியாயமே. ஆனால் புகழ்பெற்றவரின் முகத்திற்கு வேலியும் புகழற்றவரின் முகத்திற்குத் திறந்த வெளியும் என்றால், உரிமை என்பது முகத்திற்கா, முகத்தின் சந்தை மதிப்பிற்கா? வழக்கறிஞருக்குக் கட்டணம் தர இயலாத கை, கூழ் ஊற்றும் கை. அந்தக் கையைத் துணிந்து எடுத்தவர்கள் அதனை நன்றாக அறிந்தே எடுத்தனர்.

விளம்பரங்களை நெறிப்படுத்த விதிகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். பணமோ பரிசோ பெற்று ஒரு பொருளைப் புகழ்வோர் அதனை விளம்பரம் என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டுமென இந்திய விளம்பரத் தர மன்றம் வகுத்த நெறிமுறை 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. நடுவண் அரசும் 2023 ஜனவரியில் இதுபற்றிய வழிகாட்டியை வெளியிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்திற்கு முதன்முறை பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். இவை நல்லவை. ஆனால் கூலி பெற்றுப் பேசுபவரிடம் "கூலி பெற்றேன் என்று சொல்" எனக் கேட்பதே இவ்விதிகளின் பெருநோக்கம். கூலியே பெறாமல், கேட்கவும்படாமல், பேச வைக்கப்பட்டவருக்காக இவ்விதிகள் பேசும் பேச்சு மிகக் குறைவு.

இதற்கு வணிகர் தரப்பிலிருந்து வரும் மறுமொழியை நான் அறிவேன். "ஏழைக்கு இலவச விளம்பரம் கிடைத்ததே, கூட்டம் வந்ததே" என்பர். தில்லியில் துணி விற்ற ஒரு பெண்மணி வாடிக்கையாளரிடம் பேசிய ஆங்கிலச் சொற்கள் 2023-இல் எங்கும் எதிரொலித்தன. பெரிய நிறுவனங்களும் அச்சொற்களை எடுத்தாண்டன. அவருக்குப் பெயரும் வணிகமும் கிடைத்தன. மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு விற்கத் தம் துணி இருந்தது. வந்த பெயர் அவர் கடைக்கே திரும்பிற்று. நூம்பலில் எடுக்கப்பட்ட சொல்லோ அச்சொல்லைச் சொன்னவரின் அடுப்புக்கே எதிரியான பாக்கெட்டை விற்கப் பயன்பட்டது. மேலும், நன்மை விளைந்தது என்பதனால் கேட்காமல் எடுத்தது நேர்மையாகிவிடாது. என் தோட்டத்து மாங்காயைப் பறித்துச் சென்றவர், "உம் மாங்காய்க்கு ஊரில் நல்ல பெயர் வாங்கித் தந்தேன்" என்றால் நான் நன்றி கூற வேண்டுமா?

"அவர்களே விரும்பி ஏற்றுகிறார்கள்" என்பது அடுத்த வாதம். நண்பரோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது வேறு. அந்நியர் ஒருவரின் சரக்குக்குச் சான்றாளராக நிற்க விரும்புவது வேறு. திருமண வீட்டில் பாடியவரின் பாட்டை எடுத்துக் கடை வாசலில் ஒலிக்க விடுபவர், "அவர்தான் உரக்கப் பாடினாரே" என்று சொல்வது எத்தகைய நியாயம்?

வாசக அன்பர்களே, நம் மறைக்கல்வியில் எட்டாம் கட்டளையைப் படித்தபோது, பொய்ச்சான்று என்பது நீதிமன்றக் கூண்டில் நின்று சொல்லும் பொய் என்றே பலரும் எண்ணினோம். ஒருவரின் மெய்யான சொல்லையே எடுத்து, அவர் எண்ணாத பொருளின்மேல் ஒட்டிவிடும் வித்தை அன்று இல்லை. அம்மையார் சொன்னது உண்மை. அவர் கூழ் வயிற்றை ஒன்றும் செய்யாது. பாக்கெட்டின் அருகே அது வைக்கப்பட்ட நொடியில், சொன்னவர் பொய் சொல்லாமலே அது பொய்ச்சான்றாயிற்று. 1997-ஆம் ஆண்டு பெப்ருவரியில் சமூகத் தொடர்புகளுக்கான திருப்பீட அவை விளம்பர அறநெறி பற்றி வெளியிட்ட ஏடு, உண்மை, மனித மாண்பு, சமூகப் பொறுப்பு என்னும் மூன்று நெறிகளை முன்வைத்தது. கூழ் வண்டி விளம்பரத்தை அம்மூன்றின் முன் நிறுத்திப் பாருங்கள். சொல் இடம் மாற்றப்பட்டதால் உண்மை போயிற்று. கேட்கப்படாததால் மாண்பு போயிற்று. அயலாரின் சொல்லை இனி நம்பலாமா என்னும் ஐயம் தெருவில் விதைக்கப்பட்டதால் சமூகப் பொறுப்பும் போயிற்று. மூன்றாவது இழப்பே பெரிது என்பேன். மருத்துவரை, பள்ளியை, மளிகைக் கடையை அயலாரின் வாய்ச்சொல்லைக் கேட்டுத்தான் ஏழைகள் தேர்ந்துகொள்கின்றனர். அச்சொல் நஞ்சானால் அவர்களுக்கு வேறு வழிகாட்டி இல்லை.

பிறரைச் சாடும்போது நம் வீட்டு முற்றத்தையும் பார்க்க வேண்டும். பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்தை ட்ரோன் கொண்டு படம்பிடிக்கிறோம். முதல் நற்கருணை வாங்கும் சிறுவர் சிறுமியரின் முகங்களைப் பெற்றோரைக் கேட்காமலே இணையத்தில் ஏற்றுகிறோம். அப்படத்தின் அடியில் நன்கொடை தந்த நகைக்கடையின் பெயரையும் பொறிக்கிறோம். ஏழைக்கு அரிசி வழங்குவதைப் பின்னணி இசையோடு காணொளியாக்குகிறோம். வாங்குபவர் தலைகுனிந்து நிற்பதும் அதில் பதிவாகிறது. பேரங்காடி செய்தால் சுரண்டல், பங்கு இளைஞர் மன்றம் செய்தால் பணியா? அளவு வேறாகலாம், கேட்காமல் எடுத்தல் என்னும் பிழை ஒன்றே.

ஆகவே, நான்கு கடமைகளை வேண்டுகிறேன். பிறர் முகத்தையோ குரலையோ பயன்படுத்துமுன் கேட்க வேண்டும். எதற்காக என்று அவர் மொழியில் விளக்கிக் கேட்க வேண்டும். அவர் விரும்பினால் அவர் பெயரைச் சொல்ல வேண்டும். வணிகத்திற்கு எடுத்தால் நடிகருக்குக் கூலி தருவதுபோல் அவருக்கும் தர வேண்டும். விளம்பரத்தை விளம்பரம் என்று அறிவிக்க வேண்டும். இவற்றுள் எதுவும் வணிகத்தை அழித்துவிடாது. கேட்டும் கொடுத்தும் செய்த வணிகம் நெடுங்காலம் நிலைத்ததுண்டு.

நம்மாலும் சில செயல்கள் இயலும். பரவும் காணொளியை அடுத்தவருக்கு அனுப்புமுன், அதில் இருப்பவர் இசைந்தாரா, இறுதியில் எழுவது யாருடைய பாக்கெட் என்று ஒரு கணம் நின்று பார்க்கலாம். ஏமாற்றும் விளம்பரத்தைக் கண்டால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். எழுதத் தெரியாத அயலாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கலாம். அதைத்தான் நானும் செய்தேன். இளைஞர் உண்மையாகவே வருந்தினார். தம் காணொளியை நீக்கினார். நிறுவனத்திடமிருந்து பதில் வரவில்லை. கோடை முடிந்ததும் விளம்பரம் தானே மறைந்தது. மன்னிப்பும் இல்லை, ஒரு ரூபாயும் இல்லை.

வண்டி இன்றும் அதே மர நிழலில் நிற்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. புதியவர் தயங்கினால் அம்மையார் முன்போல் உடனே தேற்றுவதில்லை. முதலில் அவர் கையில் கைப்பேசி இருக்கிறதா என்று பார்க்கிறார். இருந்தால், வாய் திறவாமல் குவளையை மட்டும் நீட்டுகிறார். ஓர் எளிய பெண்மணி தம் வாடிக்கையாளரிடம் அன்பாகப் பேசிய ஒரு சொல்லை நம் தெரு இழந்திருக்கிறது. அதன் விலையை எந்த நிறுவனத்தின் கணக்கேட்டில் எழுதுவது?